நான்கு நிமிடங்களும் நாலாயிரம் சைகைகளும்

என் அக்காவின் கணவர் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருகிறவர். இருபத்தாறு ஆண்டுகளாக இதுவே அவர் தொழில். நம் குடும்பக் குறிப்புகளில் அவரைப் பற்றி இதுவரை ஏறியிருப்பவை பிறந்த தேதி, திருமணத் தேதி, இரண்டு அறுவை சிகிச்சைகள், அவ்வளவே. "ஒரு ஆளைப் பத்தி எழுத இவ்வளவுதான் இருக்கா?" என்று அக்கா கேட்டாள். ஆகவே சென்ற ஆண்டு நடந்ததை, அக்காவும் அத்தானும் தனித்தனியே சொல்லக் கேட்டு, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன். இருவர் கூற்றும் மாறுபட்ட இடம் ஒன்றே ஒன்று. அதை அந்த இடத்திலேயே குறித்திருக்கிறேன்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை, அதற்கு மேல் ஒரு வக்கீலின் அலுவலகம், அதற்கும் மேல் இவர்கள். முப்பத்தெட்டுப் படிகள், லிஃப்ட் கிடையாது. அறையின் ஒரே ஜன்னல் பின்புறத்துச் சலவைக் கடையைப் பார்த்திருக்கிறது. தேய்த்த துணிகள் எண் சீட்டுகளோடு நீண்ட கம்பிகளில் வரிசையாகத் தொங்குவது அதன் வழியே தெரியும். வாசலை ஒட்டி அக்காவின் மேசை. வருகிறவர்களை முதலில் பார்ப்பவள் அவள்தான். பெயர், பொருள், கோளாறு, இழப்புக்குக் காரணம் எல்லாம் அவளுடைய தடித்த நோட்டில் ஏறும். உள்பக்கம் அத்தானின் மேசை. டிஸ்கைத் திறக்கும் நாளில் தூசிக்குப் பயந்து மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கோடையில் அந்த அறையில் இருவரும் வியர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், யாரையோ வழியனுப்ப வந்து, வண்டி போன பிறகும் எழுந்து போகத் தெம்பில்லாதவர்களைப் போல இருக்கும்.

அத்தான் முதலில் ரேடியோ பழுதுபார்த்தவர். காது அப்போது பழகியது. எந்த டிஸ்க் வந்தாலும் மின்சாரம் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்பார். சீராக 'டிக், டிக்' என்றால் வாசிக்கும் முனை போய்விட்டது. கீச்சென்றால் அச்சு. ஓசையே இல்லையென்றால் மின்பலகை. "மனுஷங்களைவிட இது தேவலை, எங்க வலிக்குதுன்னு ஒழுங்காச் சொல்லுது" என்பார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரை 'வைத்தியர்' என்று கூப்பிடுவது இதனால்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றே: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது." ஆண்டுக்கு முந்நூறு முறையாவது அக்கா இதைக் கேட்டிருப்பாள். நோட்டில் அதை "நே.வ." என்று சுருக்கி எழுதும் வழக்கம் அவளுடையது.

டிஸ்கைப் பற்றி ஒன்றைச் சொன்னால்தான் இனி வருவது விளங்கும். அத்தான் ஜன்னலைக் காட்டித்தான் இதை எல்லோருக்கும் விளக்குவார். சலவைக் கடையில் துணிகள் இருக்கின்றன. எந்தத் துணி யாருடையது, எந்தக் கம்பியில் தொங்குகிறது என்ற பதிவேடும் இருக்கிறது. டிஸ்கும் அப்படித்தான். கோப்புகள் ஒருபுறம், அவற்றின் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்லும் பட்டியல் இன்னொருபுறம், பெரும்பாலும் டிஸ்கின் தொடக்கத்தை ஒட்டி. பட்டியல் கிழிந்தால் கணினி 'இதில் ஒன்றுமே இல்லை' என்று கைவிரித்துவிடும். துணிகளெல்லாம் கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தத் தொழிலின் முதல் விதி, நோயாளி டிஸ்கில் எதையும் எழுதக்கூடாது என்பது. முதலில் அதை அப்படியே ஒரு வெற்று டிஸ்கில் படியெடுக்க வேண்டும், வைத்தியமெல்லாம் படிக்குத்தான். எது நோயாளி, எது வெற்று என்று குழம்பாமலிருக்க, நோயாளிக்குச் சிவப்பு நாடா, வெற்றுக்குப் பச்சை நாடா ஒட்டுவார்கள். அதுவும் போதாதென்று, படியெடுக்கும் முன் அக்கா இரண்டு டிஸ்குகளின் கடைசி நான்கு எண்களை உரக்கப் படிப்பாள். அத்தான் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். அக்கா "சரி" என்ற பிறகே விரல் பொத்தானைத் தொடும். இருபத்தாறு ஆண்டுகளில் இந்தச் சடங்கு ஒரு நாளும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு அத்தானுக்கு ஐம்பத்தெட்டு. தொழில் குறையவில்லை, ஆள்தான் குறைந்துபோயிருந்தார். கழுத்து எலும்பு தேய்ந்து, ஒருபக்கம் திரும்ப வேண்டுமானால் உடம்போடு சேர்ந்து திரும்பினார். ஒரு கிடங்கில் தீயணைத்த தண்ணீர் புகுந்து நனைந்த பதினொரு டிஸ்குகள் மூன்று வாரங்களாக அவரைக் கொன்றுகொண்டிருந்தன. "இது முடிஞ்சதும் ஒரு மாசம் கடையை மூடிடலாம்" என்று சொல்வார். முடிந்ததும் அடுத்தது வரும். அந்தப் பேச்சை அக்கா கேட்டுக்கொள்வதையே விட்டுவிட்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த ஆசிரியை படியேறி வந்தார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் பணிபுரிகிறவர். ஒரு துவாலையில் சுற்றிய டிஸ்கை மேசைமேல் வைத்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்ததுங்க" என்றார்.

அக்கா தலை நிமிராமல் "நே.வ." என்று எழுதினாள். "என்ன இருக்கு இதுல?"

"எங்க அண்ணன் இருக்கார்" என்றார் ஆசிரியை. பிறகு தாமே சிரித்துக்கொண்டு விளக்கினார்.

அவருடைய அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. முப்பது ஆண்டுகள் ஓர் ஆயத்த ஆடைப் பட்டறையில் தையல் வேலை. அங்கே காது கேளாத தொழிலாளர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். இயந்திரங்களின் இரைச்சல் அவர்களைத் தொட்டதில்லை, நாளெல்லாம் கைகளால் பேசினார்கள். பள்ளிப் புத்தகங்களில் இல்லாத சைகைகள் அங்கே ஆயிரக்கணக்கில் பிறந்தன. பட்டறை மூடியாயிற்று, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆசிரியை பத்தொன்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனை வெள்ளைச் சுவரின் முன் உட்காரவைத்து, ஒரு சைகைக்கு ஒரு வீடியோவாகப் பதிவு செய்திருந்தார். மொத்தம் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த கல்வியாண்டில் அவை, படமும் பொருளுமாக, பள்ளிப் பிள்ளைகளுக்கான அச்சு அகராதியாக வரவேண்டும்.

"திரும்ப எடுக்க முடியாதா?" என்று அத்தான் கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது.

"போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது சார். வலது கை விழுந்துடுச்சு."

"வேற காப்பி?"

"ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இருந்தது. அதைப் பழசுன்னு தூக்கிட்டாங்க."

அத்தான் டிஸ்கைக் காதருகே வைத்தார். 'டிக்'கும் இல்லை, கீச்சும் இல்லை, ஓட்டம் இயல்பாக இருந்தது. கணினியில் மாட்டிப் பார்த்தார். மின்சாரம் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டியலின் ஓர் ஓரம் மட்டும் கிழிந்திருந்தது.

"ஜலதோஷம்தான் டீச்சர். நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கங்க."

சிவப்பு நாடா ஒட்டப் போனவர், டிஸ்கின் மேல்புறத்தில் ஏற்கனவே ஒரு பச்சை நாடா இருப்பதைப் பார்த்தார். அதை உரிக்க நகத்தை வைத்தபோது ஆசிரியை தடுத்தார்.

"எடுக்காதீங்க சார், அண்ணன் ஒட்டினது. எங்க வீட்டுல பச்சைன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். கை விழறதுக்கு முந்தின வாரம்தான் கடைசிச் சைகையை எடுத்தோம். அன்னிக்கு அவரே ஒட்டினார்."

வாடிக்கையாளரின் பொருளில் உள்ள எதையும் அவர் விருப்பமின்றி அகற்றுவதில்லை என்பது அத்தானின் வழக்கம். சிவப்பு நாடாவை அடிப்புறத்தில் ஒட்டினார்.

மறுநாள் வியாழக்கிழமை. அக்காவுக்குக் கண் மருத்துவரிடம் முறை இருந்தது. இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று, இனித் தள்ள முடியாது. பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்டாள். "நான் வர்ற வரைக்கும் எதையும் ஆரம்பிக்காதீங்க" என்று வாசலில் நின்று சொன்னதாக அவள் சொல்கிறாள். அப்படி எதுவும் சொல்லவில்லை, "போயிட்டு வரேன்" என்று மட்டுமே சொன்னாள் என்கிறார் அத்தான். முன்பு குறிப்பிட்ட மாறுபாடு இதுதான். இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

மூன்று இருபதுக்கு அத்தான் காத்திருப்பதை விட்டார். ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாரே. படியெடுக்க அவர் வாங்கியிருந்த வெற்று டிஸ்க், நோயாளி டிஸ்கின் அதே நிறுவனம், அதே மாதிரி, அதே கொள்ளளவு. படி சுத்தமாக அமையட்டும் என்று தேடி வாங்கியது. ஆகவே திரையில் இரண்டு வரிகள் இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தெரிந்தன. அக்கா இல்லாததால் எண்களை அவரே படித்தார், அவரே திருப்பிச் சொன்னார், அவரே "சரி" என்றார். ஆனால் எண்களைப் படிக்கக் கையில் எடுத்த டிஸ்கின் மேல்புறம், ஆசிரியையின் அண்ணன் ஒட்டிய நாடாவால், பச்சையாக இருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் பச்சை என்றால் வெற்று என்று பழகிய கண், அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. நான்கு எண்களும் சரியாகவே படிக்கப்பட்டன. எது எதற்குரியது என்பதுதான் மாறிவிட்டது. வெற்று டிஸ்கை நோயாளியின் மேல் படியெடுக்கும்படி கட்டளை போயிற்று.

அவருக்கு உறைத்தது காதால்தான். நோயாளி டிஸ்கை வாசிக்கும்போது ஓட்டம் அங்கங்கே திக்கும், நிற்கும், மறுபடி நகரும். இது திக்கவே இல்லை. வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. ஏன் இவ்வளவு நல்லபடியாகப் போகிறது என்று யோசித்தார். பிறகு எழுந்து வயரைப் பிடுங்கினார். கடிகாரத்தில் நான்கு நிமிடம் கழிந்திருந்தது.

நான்கு நிமிடத்தில் டிஸ்கின் தொடக்கப் பகுதி முழுவதும் வெறுமையால் மூடப்பட்டுவிட்டது. பட்டியல் அங்கேதான் இருந்தது. ஓரம் கிழிந்த பட்டியல் இல்லை இனி, பட்டியலே இல்லை.

அக்கா நாலரைக்கு வந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கருவிழி விரிந்து, கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாத நிலை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே படியேறியிருந்தாள். அவளுடைய நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் நோட்டு விரிந்திருந்தது.

"என்னங்க என் இடத்துல? பதவி உயர்வா?"

அத்தான் நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் முகத்தைத் தாளின் மேல் கவிழ்த்தாள், பிறகு எட்ட வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் பூச்சி மாதிரி இருக்கு. என்ன எழுதியிருக்கீங்க?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல."

"ஆமா. தண்ணி, வயசு, கீழ விழுந்தது. எது?"

"நான்" என்றார் அத்தான்.

அவர் என்ன சொல்கிறார் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவள் சொன்னதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, நான் சொன்னதுதானே" என்றாள்.

"டிஸ்க் தானாச் செத்துப்போச்சுன்னு சொன்னா யாருக்குங்க தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"இங்க்ல எழுதிட்டேன்" என்றார். "ஒரு டீ சொல்லு. அந்தம்மா வர்றதுக்குள்ள குடிச்சிடலாம்."

ஆசிரியை ஐந்து மணிக்குச் சரியாக வந்தார்.

"ஆச்சா சார்?"

"உட்காருங்க டீச்சர்."

"உட்காரச் சொன்னாலே பயமா இருக்கே."

"உங்க டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. நான்தான் கெடுத்தேன்." பிறகு நாடாவிலிருந்து நான்கு நிமிடம்வரை வரிசையாகச் சொன்னார், ஒன்றும் விடாமல். "வீடியோக்கள்ல பெரும்பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கு. அதை எடுத்துடலாம். பெயர் எதுவும் வராது."

ஆசிரியை தம் வலது கையை உயர்த்திக் காட்டினார். "சார், அந்த வீடியோவுல சத்தம் கிடையாது. ஒரு கை இப்படிப் போகும், அவ்வளவுதான். அதுக்கு என்ன அர்த்தம்னு ஃபைல் பெயர்ல மட்டும்தான் இருக்கு. பெயர் போச்சுன்னா அது சைகை இல்ல. ஒரு ஆளு சும்மா கையை ஆட்டறார்."

"புரியுது டீச்சர்."

"உங்களுக்குப் புரியல."

டிஸ்கைத் துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் நின்று அழுததாகவோ சபித்ததாகவோ தெரியவில்லை. வக்கீலின் குமாஸ்தா வணக்கம் சொன்னதற்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டே இறங்கினாராம்.

ஒன்பது நாட்கள் அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையை நிறுத்தவுமில்லை. அக்கா எண்களைப் படித்தாள், அவர் திருப்பிச் சொன்னார். வேறு பேச்சு இல்லை. பத்தாம் நாள் ஆசிரியை திரும்பி வந்தார்; உட்காரவில்லை.

"வேற ரெண்டு கடைக்குக் கொண்டுபோனேன். ஒருத்தர் யார் இதைப் பண்ணினதுன்னு கேட்டார். உங்க பேரைச் சொன்னேன்."

"சொல்லவேண்டியதுதான்."

"'அவரா? இருக்காதே'ன்னார். அப்புறம், அவர் கையில இப்படி ஆயிருந்தா வேற யார் கையிலயும் ஆகாது, அவர்கிட்டயே போங்கன்னார். அதனாலதான் வந்தேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல டீச்சர்" என்றார் அத்தான்.

பட்டியல் இல்லாத டிஸ்கில் கோப்புகளைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வீடியோக் கோப்பும் ஒரே மாதிரியான சில குறிகளோடு தொடங்கும். டிஸ்க் முழுவதையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்து, அந்தக் குறி எங்கெல்லாம் தென்படுகிறதோ அங்கிருந்து வெட்டியெடுக்க வேண்டும். அவர் மூன்று நாட்கள் அதைச் செய்தார். நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று கிடைத்தன. இருநூற்று இருபத்தொன்று அந்த நான்கு நிமிடத்துக்குள் அகப்பட்டு அழிந்திருந்தன. அவை எவை என்பது யாருக்கும் தெரியாது. பதிவு செய்த தேதியை வைத்தாவது வரிசைப்படுத்தலாமென்றால், அந்தக் கேமராவின் கடிகாரத்தைப் பத்தொன்பது ஆண்டுகளில் யாரும் சரிசெய்ததே இல்லை. எல்லா வீடியோவும் ஒரே நாளைச் சொன்னது. ஒன்று முதல் நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வரை வெறும் எண்கள்.

"ஒவ்வொண்ணாப் பார்த்து நானே பெயர் வெச்சிடறேன், நீங்க சொல்லுங்க" என்றார் அத்தான்.

"எனக்கே பாதிதான் தெரியும். அண்ணன் வரணும்."

செவ்வாயும் சனியும், காலை பத்திலிருந்து ஒரு மணிவரை என்று ஏற்பாடாயிற்று. அண்ணன் இடக்கையில் தடியோடு, தங்கையின் தோளில் சாய்ந்து முப்பத்தெட்டுப் படிகளையும் ஏறுவார். வக்கீலின் வாசல் பெஞ்சில் பத்து நிமிடம் இளைப்பாறுவார். புதுக் குமாஸ்தா ஒருவர் அவரைக் கட்சிக்காரர் என்று நினைத்து மூன்று முறை வழக்கு எண் கேட்டிருக்கிறார். அறையில் அத்தான் வீடியோவை ஓட்டுவார், அண்ணன் பார்த்துவிட்டு இடக்கையால் சொல்வார், ஆசிரியை வாயால் சொல்வார், அக்கா தட்டச்சு செய்து திரும்பப் படிப்பாள். ஒரு நாளைக்கு நூறு. அதற்கு மேல் யாராலும் முடியவில்லை.

அண்ணன் குறும்புக்காரர். இரண்டாம் நாளே அத்தானுக்கு ஒரு சைகைப் பெயர் வைத்துவிட்டார்: இரண்டு விரலால் நெற்றியைச் சொறிவது.

"என்ன சொல்றார்?" என்றார் அத்தான், நெற்றியைச் சொறிந்தபடி.

"உங்களைத்தான் கூப்பிடறார்" என்றார் ஆசிரியை. அக்கா சிரிப்பை அடக்க நோட்டுக்குள் குனிந்தாள்.

முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு வீடியோ ஓடியதும் அண்ணனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இது... கோபம்னு போடுங்க."

அக்கா நிமிர்ந்தாள். "இதுக்கு முன்னாடி போட்ட பதினாறும் கோபம்தானே டீச்சர்?"

"சூப்பர்வைசர் மேல பதினேழு விதமாக் கோபம் வந்திருக்கு. நான் என்ன பண்ண?"

"நாலாவதும் பதினொண்ணாவதும் ஒண்ணாட்டம் இருக்கே" என்றார் அத்தான், சிரிக்காமல். ஆசிரியை அதை மொழிபெயர்க்க, அண்ணன் மிகுந்த அக்கறையோடு இடக்கையால் வேறுபாட்டை விளக்கினார். ஆசிரியை அந்த விளக்கத்தை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

இப்படிச் சிரித்த நாட்கள் சில. மற்ற நாட்கள் எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தன. ஒரு சைகையை ஆசிரியை 'அவசரம்' என்பார். அண்ணன் இல்லையென்று தலையசைத்து 'சூப்பர்வைசர் வருகிறார்' என்பார். அது முடிய கால்மணி நேரம். சில நாட்களில் அண்ணன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். எழுப்ப மனமின்றி மூவரும் காத்திருப்பார்கள். இடையிடையே ஆசிரியைக்கு ஏதாவது நினைவு வரும்: "'மழை' வந்துச்சா? 'கடன்' வந்துச்சா?" அக்கா தேடுவாள். இல்லாவிட்டால் ஆசிரியை ஒரு தாளில் அந்தச் சொல்லை எழுதி மடித்து வைத்துக்கொள்வார். அந்தத் தாளை விரிக்கும் ஒவ்வொரு முறையும் அத்தான் தமது கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை, இரண்டாயிரத்துக்கு மேல், 'பொத்தான்' என்னும் சைகை வந்தது. பொருளில் ஐயமே இல்லை. அண்ணன் அதை மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் சொன்னார். வெள்ளைச் சுவரின் முன் அவருடைய வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குவிந்து, காற்றில் ஒரு பொத்தானைத் துளைக்குள் நுழைத்தது. நாற்காலியில் இருந்தவர் இடக்கையால் மடியிலிருந்த வலக்கையை எடுத்து, சற்று நேராக வைத்துக்கொண்டார். மூன்றாம் முறை முடிந்ததும் 'போதும், அடுத்தது' என்று சைகை செய்தார்.

ஐந்து மாதம் ஆயிற்று. அத்தானின் கழுத்துவலி தோளுக்கு இறங்கியது. அக்காவின் கண்ணாடியின் பவர் கூடியது. கடைசியில் நாற்பத்து மூன்று மிஞ்சின. அண்ணன் அவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தம் கைதான், என்ன சொன்னதென்று தெரியவில்லை. பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, மளமளவென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்லத் தொடங்கினார்.

"அண்ணா, இதே வீடியோவுக்குப் போன வாரம் வேற சொன்னே" என்றார் ஆசிரியை, கையாலும் வாயாலும்.

அண்ணன் இடக்கையை விரித்தார். "அவர் சொல்றார், சும்மா ஏதாவது எழுதிக்கங்க, யாருக்குத் தெரியப்போகுதுங்கறார்" என்றார் ஆசிரியை.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, நாற்பத்து மூன்றுக்கும் 'பொருள் தெரியவில்லை' என்று தாமே தட்டச்சு செய்தார். அண்ணன் அவரைப் பார்த்து நெற்றியைச் சொறிந்து காட்டிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டார்.

இரண்டு படிகள் எடுத்து, இரண்டையும் சரிபார்த்து, ஒப்படைத்தாயிற்று. அதற்கு மறுவாரம் ஆசிரியை தனியாக வந்தார்.

"அச்சுக்குப் போகுது. விட்டுப்போனதைப் பத்திப் புத்தகத்துக்கு முன்னால ஒரு குறிப்பு வேணும். நீங்கதான் எழுதணும்."

அத்தான் அதை எழுத நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டார். மூன்று வாக்கியங்கள். அதன் முதல் வரைவு என்னிடம் இருக்கிறது, அப்படியே தருகிறேன். "இத்தொகுப்பின் 4,612 பதிவுகளுள் 221 அழிந்துவிட்டன, 43 பதிவுகளின் பொருள் தெரியவில்லை. பதிவுகள் இருந்த டிஸ்கில் பெரிய பழுது எதுவும் இருக்கவில்லை. மீட்கும் பணியை ஏற்ற என் கவனக்குறைவால் இவ்விழப்பு நேர்ந்தது." கீழே தம் பெயரை முழுதாக எழுதியிருந்தார்.

ஆசிரியை நின்றபடியே படித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, அக்காவின் மேசைமேல் தாளை வைத்து, ஒரு சொல்லை அடித்து மேலே வேறு சொல் எழுதினார். அத்தான் எட்டிப் பார்த்தார். 'கவனக்குறைவால்' என்பதை அடித்து 'களைப்பால்' என்று எழுதியிருந்தார்.

"அது சரியில்ல டீச்சர். களைப்பு காரணம் இல்ல, சாக்கு."

"அஞ்சு மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள் உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கேன் சார். எது காரணம், எது சாக்குன்னு எனக்குத் தெரியும்."

"நீங்க மன்னிக்கலன்னு சொன்னீங்க."

"இப்பவும் சொல்லல. தப்பாப் போட்ட வார்த்தையைத் திருத்தறேன். அது என் வேலை."

"தாளைக் குடுங்க, சுத்தமா எழுதித் தரேன்" என்று அத்தான் கையை நீட்டினார். சுத்தமாக எழுதும்போது எந்தச் சொல்லை வைப்பார் என்று ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

புத்தகம் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்தது. ஒரு படி கடைக்கு அனுப்பியிருந்தார்கள். குறிப்பு ஆசிரியை திருத்தியபடியே இருக்கிறது, பார்த்தே எழுதுகிறேன். அத்தானுக்கு அந்தச் சொல்லில் இன்றுவரை உடன்பாடு இல்லை. பென்சிலால் அதன் கீழே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார்.